கந்தக அமிலமா, ரெசினா, ஜியோலைட்டா: ஒரு சிறிய எஸ்டர் ஆலைக்கு எது சரிவரும்?

ஐசோஅமைல் அசிட்டேட் தயாரிக்கும் இடத்துக்குள் காலெடுத்து வைத்தாலே பழுத்த வாழைப்பழ வாசனை முகத்தில் அடிக்கும். வாழைப்பழ எஸன்ஸின் முக்கியச் சரக்கு இதுதான். லாக்கர் தின்னரிலும் கலக்கிறார்கள். இது ஒரு எஸ்டர்; ஐசோஅமைல் ஆல்கஹாலையும் அசிட்டிக் அமிலத்தையும் சேர்த்துச் செய்வது. நண்பர் ஒருவர் இதை நாளுக்கு அரை டன் கணக்கில் காய்ச்சுகிறார். கண்ணாடிப் பூச்சுள்ள ரியாக்டர் ஒன்று, மேலே கண்டென்சர், பக்கத்தில் நீரைப் பிரிக்கும் டிகாண்டர். வினையூக்கி அடர் கந்தக அமிலம். பேட்ச் முடிந்ததும் காஸ்டிக் சோடா விட்டு அமிலத்தை முறிக்க வேண்டும், கழுவ வேண்டும், மறுபடியும் கழுவ வேண்டும், அப்புறம்தான் காய்ச்சி வடிக்க முடியும்.

"இந்தக் கழுவல் தண்ணீரோடு மல்லுக்கட்டி அலுத்துவிட்டது. திண்ம அமிலத்தை, அதாவது கரையாமல் மணியாகவே இருக்கும் அமில வினையூக்கியை, குழாயில் நிரப்பி, சரக்கை அதன் வழியே தொடர் ஓட்டமாக விட்டால் கழுவலே வேண்டாம் என்கிறார்களே, மாறிவிடலாமா?" என்று கேட்டார்.

போனில் ஆம், இல்லை என்று சொல்லிவிடக்கூடிய கேள்வி இல்லை. இப்படிப்பட்ட குழாய்களோடு சில ஆண்டுகள் வேலை செய்தவன் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். இதே முடிவின் முன் நிற்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

முதலில் எதை வைத்து ஒப்பிடுவது என்று தீர்த்துக்கொள்வோம். ஆய்வுக் கட்டுரைகளில் திண்ம அமிலம் என்றாலே ஒரு பட்டைப் படம் இருக்கும்: முதல் முறை 95%, இரண்டாம் முறை 95%, ஐந்தாம் முறை 94%. "மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம்" என்று முடிப்பார்கள். இந்தப் படத்தை நம்பிப் பணம் போடாதீர்கள். 1 மணி நேரத்தில் முடிகிற வினையை 6 மணி நேரம் ஓட்டிவிட்டு அளந்தால், வினையூக்கியில் ஆறில் ஐந்து பங்கு செத்திருந்தாலும் விளைச்சல் அதே எண்தான் வரும். சாவு மறைந்தே இருக்கும். குழாயில் தொடர்ந்து ஓட்டும்போதுதான் உண்மை தெரியும். அதிலும், வினை தானாக நிற்கும் சமநிலையைத் தொடாத வேகத்தில், 40 - 50% மாற்றத்தில், அதாவது உள்ளே போகும் சரக்கில் பாதியளவு மட்டும் வினைபுரியும்படி, நிறுத்தி ஓட்ட வேண்டும். அப்போது வினையூக்கி பத்தில் ஒரு பங்கு இழந்தாலும் வெளியே வரும் சரக்கில் தெரிந்துவிடும். ஆகவே முதல் நாள் எவ்வளவு வேகம் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இது எதனால் சாகும், செத்தால் எழுப்ப முடியுமா என்றுதான் ஒவ்வொன்றிடமும் கேட்கிறேன்.

இரண்டாவது, தண்ணீர். ஆல்கஹாலும் அமிலமும் சேர்ந்து எஸ்டர் ஆகும்போது ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு நீர் மூலக்கூறு பிறக்கிறது. அந்த நீரே வினையைத் திருப்பியும் தள்ளுகிறது. பிரான்சில் பெர்த்தலோவும் பேயான் த சான் ஜீலும் 1862-இலேயே இதை அளந்துவிட்டார்கள்: எத்தனாலும் அசிட்டிக் அமிலமும் சம மோல் அளவில் இருந்தால், எவ்வளவு நேரம் வைத்தாலும் மூன்றில் இரண்டு பங்கோடு வினை நின்றுவிடும். ஐசோஅமைல் ஆல்கஹாலும் ஏறக்குறைய அப்படித்தான். உலகத்திலேயே சிறந்த வினையூக்கியைக் குழாயில் நிரப்பினாலும் இந்த 67 சதவீதத்தைத் தாண்ட முடியாது. வினையூக்கியால் சமநிலைக்குச் சீக்கிரம் போகலாம், அவ்வளவுதான். சமநிலை இருக்கும் இடத்தை அது மாற்றாது.

நண்பரின் பழைய ரியாக்டரோ இந்தத் தடையைத் தினமும் தாண்டுகிறது. கொதிக்கும்போது நீர் ஆல்கஹாலோடும் எஸ்டரோடும் சேர்ந்து 95 டிகிரிக்கு அருகில் ஆவியாகி, டிகாண்டரில் அடியில் தங்கிவிடுகிறது. மேலடுக்கு ரியாக்டருக்குத் திரும்புகிறது. நீர் போகப் போக வினை முன்னே போகிறது. "பேட்ச் பழசு, தொடர் ஓட்டம் புதுசு" என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அவருடைய பழைய ரியாக்டரில் உள்ள டிகாண்டர், வாங்க நினைக்கும் குழாயில் இல்லை.

குழாயிலேயே மாற்றத்தை உயர்த்த வேண்டுமானால் ஒன்றை அதிகமாகப் போட வேண்டும். ஆல்கஹால் ஒன்றுக்கு அமிலம் மூன்று மோல் என்று விட்டால், கணக்குப்படி ஆல்கஹாலில் 90% மாறும். ஆனால் மிச்சமிருக்கும் இரண்டு மோலுக்கும் அதிகமான அசிட்டிக் அமிலத்தை வடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அமிலம் கொதிப்பது 118 டிகிரியில், எஸ்டர் 142 டிகிரியில்; பிரிக்கலாம், ஆனால் ஆவிச் செலவு உண்டு. ஆல்கஹாலை அதிகமாகப் போட்டால் இன்னும் சங்கடம். அது 131 டிகிரியில் கொதிக்கும். எஸ்டருக்கு ரொம்பப் பக்கம்.

சரி, இனி ஒவ்வொன்றாக.

கந்தக அமிலத்தோடேயே இருந்துவிடலாமா? இதைத் தள்ளிவிடுவதற்கு முன் கழிவுக் கணக்கைப் பார்க்க வேண்டும். சரக்கில் 1% என்று வைத்தால் டன்னுக்கு 10 கிலோ அமிலம். அதை முறிக்க ஏறத்தாழ 8 கிலோ காஸ்டிக், விளைவது 14.5 கிலோ சோடியம் சல்பேட். அதே டன்னில் வினைபுரியாத அசிட்டிக் அமிலம் 2% மிஞ்சியிருந்தால் அதுவே 27 கிலோ சோடியம் அசிட்டேட் ஆகிறது. அதாவது கழுவல் நீரில் உள்ள உப்பில் பெரும்பங்கு வினையூக்கியால் வந்ததே இல்லை! ரெசினுக்கு மாறினாலும் அந்த அசிட்டிக் அமிலம் அப்படியேதான் இருக்கும்.

அப்படியானால் மாறுவதில் என்ன லாபம்? கந்தக அமிலம் உள்ளே இருக்கும்வரை சரக்கை நேரே வடிக்க முடியாது. சூடேற ஏற அடிச்சரக்கு கருகும், எஸ்டர் உடையும். அதனால்தான் முறித்தே ஆக வேண்டியிருக்கிறது. முறிக்கும்போது நல்ல அசிட்டிக் அமிலமும் உப்பாகப் போகிறது. வினையூக்கி குழாயிலேயே தங்கிவிட்டால், மிச்ச அமிலத்தை வடித்து எடுத்து அடுத்த சரக்கில் சேர்க்கலாம். திண்ம அமிலத்துக்கு மாறும் எஸ்டர் ஆலைக்கு உண்மையான லாபம் இதுதான். கழிவுநீரில் கரைந்த ஒவ்வொரு கிலோ உப்பையும் ஆவியாக்கியில் காய்ச்சித்தான் வெளியே எடுக்க முடியும் என்கிற இடங்களில் இந்த லாபம் இன்னும் கனக்கும். திருப்பூர் சாயப்பட்டறைகள் இதே உப்புப் பிரச்சினையால்தான் 2011-இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்டன. நம் ஊரில் கரைந்த உப்பின் செலவை இனிமேல் யாரும் ஓரமாக வைக்க முடியாது.

அடுத்தது ரெசின். ஸ்டைரீன், டைவினைல்பென்சீன் சட்டகத்தில் சல்போனிக் அமிலத் தொகுதிகளைக் கோத்த சிறு மணிகள். ஆம்பர்லிஸ்ட்-15 இதில் பேர்போனது. இந்தியாவில் இண்டியான், டல்சியான் வரிசைகளிலும் இதே வகை கிடைக்கிறது. சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில், அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலான உருண்டைகள். கையில் எடுத்தால் ஈரக் கடுகு மாதிரி உருளும். உலர்ந்த ஒரு கிலோவில் 4.7 மோல் அளவுக்கு அமில இடங்கள் உள்ளன. எஸ்டராக்கலுக்கு இந்த வலிமை தாராளம். 80 - 100 டிகிரியில் நன்றாக வேலை செய்யும். எஸ்டராக்கல் பெரிய வெப்பம் கக்கும் வினையும் இல்லை என்பதால் குழாய்க்குள் சூடு எகிறும் பயம் குறைவு.

குழாயில் ரெசின் என்பது சோதனை முயற்சியும் இல்லை. மெத்தனாலையும் ஐசோபியூட்டிலீனையும் சேர்த்து எம்.டி.பி.இ. என்ற பெட்ரோல் சேர்மானம் தயாரிக்க 1970-களிலிருந்து பெரிய ஆலைகளில் இதையே நிரப்பி ஓட்டினார்கள். ஆனால் அந்த வினையில் நீர் பிறப்பதில்லை என்பதை மறக்கக் கூடாது. எஸ்டராக்கலில் பிறக்கும் நீர் சல்போனிக் தொகுதிகளைச் சூழ்ந்துகொண்டு வேகத்தைக் குறைக்கும். குழாயின் மேல்பகுதி சுறுசுறுப்பாகவும் கீழ்ப்பகுதி மந்தமாகவும் இருக்கும்.

எதனால் சாகும்? மூன்று வழிகள். ஒன்று சூடு: ஆம்பர்லிஸ்ட்-15க்கு எல்லை 120 டிகிரி. தாண்டினால் சல்போனிக் தொகுதிகள் கழன்று சரக்கோடு போய்விடும், திரும்ப ஒட்டாது. ஆம்பர்லிஸ்ட்-70 போன்றவை 190 டிகிரி வரை தாங்கும், ஆனால் அமில இடங்கள் பாதியளவுதான். இரண்டு, பிசின் படிதல்: துளைகள் அடைத்தால் ஜியோலைட் மாதிரி எரித்துச் சுத்தம் செய்ய முடியாது, ரெசினே எரிந்துவிடும். மூன்றாவதுதான் நான் நேரில் பட்டது: உலோக அயனிகள்.

கண்ணாடிக் குழாயில் ரெசின் நிரப்பி ஓட்டிக்கொண்டிருந்தோம். இரண்டாவது வாரம் மேல்விளிம்பில் விரல் கனத்துக்குத் துருநிற வளையம் ஒன்று தெரிந்தது. மறுநாள் இரண்டு விரல். அப்புறம் ஒவ்வொரு நாளும் அந்தக் கோடு கீழே இறங்கியது. மாற்றமும் கூடவே இறங்கியது. கண்ணெதிரே வினையூக்கி சாவதை ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தோம். அசிட்டிக் அமிலம் வந்த டிரம்மின் உட்பூச்சு ஓரிடத்தில் உரிந்து, இரும்பு கரைந்து வந்திருக்கிறது. ரெசின் என்பது அடிப்படையில் அயனி மாற்றிதானே; ஒரு இரும்பு அயனி மூன்று அமில இடங்களைப் பிடித்துக்கொள்ளும். ஒரு கிலோ உலர் ரெசினைக் கொல்ல 88 கிராம் இரும்பு போதும். சரக்கில் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் பத்து பங்கு) இரும்பு இருந்து, நாளுக்கு 500 கிலோ ஓடினால் தினமும் 5 கிராம். பதினேழு, பதினெட்டு நாளில் ஒரு கிலோ ரெசின் காலி. 1 பி.பி.எம். என்றால் அதுவே ஆறு மாதம்.

இந்தச் சாவிலிருந்து மட்டும் ரெசினை எழுப்பலாம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மெதுவாக ஓட்டி, பிறகு குளோரைடு போகும்வரை நன்றாகக் கழுவினால் பெரும்பகுதி திரும்பி வரும். குளோரைடு மிச்சமிருந்தால் அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அரிக்கும், ஆகவே இதைக் குழாய்க்கு வெளியே செய்வது மேல். நைட்ரிக் அமிலம் பக்கமே போகாதீர்கள். ரெசினும் நைட்ரிக் அமிலமும் சேர்ந்தால் வெடிக்கக்கூடும். எழுப்புவதைவிட நல்லது, முக்கியக் குழாய்க்கு முன்னால் சின்னதாக ஒரு காவல் குழாய் வைப்பது. இரும்பையெல்லாம் அது வாங்கிக்கொள்ளும். அதை மட்டும் மாற்றினால் போதும்.

ரெசினை நிரப்புவதிலும் கவனம் வேண்டும். உலர்ந்த மணிகளை இறுக்கி நிரப்பி, மேலே ஆல்கஹாலோ அமிலமோ விட்டால் ஊதிப் பெருக்கும். கண்ணாடிக் குழாய் விரிசல் விட்டுவிடும். முதலில் திரவத்தில் ஊறவைத்து, கஞ்சி மாதிரி ஊற்றி, மேலே இடம் விட்டு நிரப்ப வேண்டும். புது ரெசின் பாதிக்குப் பாதி தண்ணீரோடுதான் வரும். அந்தத் தண்ணீரை ஐசோஅமைல் ஆல்கஹால் விட்டு விரட்ட முடியாது, இரண்டும் சரியாகக் கலக்காது. அசிட்டிக் அமிலம் விட்டுக் கழுவுங்கள். நீரோடு முழுக்கக் கலக்கும், எப்படியும் உள்ளே போக வேண்டிய சரக்குதான். முதலில் வெளியே வரும் கழுவல் நிறமாக வரலாம், அதைப் பொருளோடு சேர்க்காதீர்கள்.

ஜியோலைட்டுக்கு வருவோம். அலுமினாவும் சிலிக்காவும் சேர்ந்த படிகம், மூலக்கூறு நுழையும் அளவுக்குத் துளைகள். பீட்டா வகையில் பெரிய துளை 0.66 நானோமீட்டர் அளவில் இருக்கும். ஐசோஅமைல் அசிட்டேட் தாராளமாகப் போய்வரும். இதன் பெரிய பலம், செத்தால் எழுப்ப முடிவது. கரி படிந்து கறுத்துப்போனால் காற்றை விட்டு 500 - 550 டிகிரியில் எரித்தால் மறுபடி வெளுத்துவிடும். ரெசின் கனவில்கூட நினைக்க முடியாத சூடு.

ஆனால் நண்பரின் எஸ்டருக்கு இது பொருந்தாது என்றே சொல்வேன். சிலிக்கான் 12.5க்கு அலுமினியம் 1 என்ற விகிதமுள்ள பீட்டாவில், கணக்குப்படி கிலோவுக்கு 1.2 மோல் அமில இடங்கள்தான், ரெசினில் கால்பங்கு. அதிலும் பிறக்கும் நீர் அந்த இடங்களை ஆக்கிரமிக்கும். வேகம் வேண்டுமென்று சூட்டை ஏற்றினால் ஆல்கஹால் நீரிழந்து ஈதராகவும் ஒலிஃபினாகவும் போக ஆரம்பிக்கும். அவரிடம் 550 டிகிரிக்குக் குழாயைச் சூடாக்கும் வசதியும் இல்லை. தூளாக வாங்கிக் குழாயில் நிரப்பினால் அழுத்தம் ஏறி பம்ப் திணறும். பைண்டரோடு (தூளை ஒட்டவைக்கும் பொருள்) சேர்த்துக் குச்சிகளாக வார்த்ததைத்தான் வாங்க வேண்டும்.

அதற்காக ஜியோலைட்டைக் குறைத்து மதிப்பிடவே கூடாது. இதே கேள்வியை அனிசோல் என்ற திரவத்தில் அசிட்டைல் தொகுதியைச் சேர்க்கும் ஒருவர் கேட்டிருந்தால் என் பதில் தலைகீழாக இருந்திருக்கும். அனிசோலிலிருந்து 4-மெத்தாக்ஸி அசிட்டோஃபீனோன் எடுக்கிறார்கள். வெயில் தடுப்புக் களிம்பில் போடும் அவோபென்சோனுக்கு இது மூலப்பொருள். பழைய முறையில் அலுமினியம் குளோரைடு. வினையூக்கி என்று பெயர்தானே தவிர, விளைபொருளோடு ஒட்டிக்கொள்வதால், ஒரு மோல் விளைபொருளுக்கு ஒரு மோலைவிடக் கூடுதலாகவே போட வேண்டும். ஒரு டன் பொருளுக்குக் குறைந்தது 890 கிலோ! வினை முடிந்ததும் அத்தனையையும் தண்ணீரில் கொட்டிச் சிதைக்க வேண்டும். பிரான்சின் ரோன்-பூலாங்க் (பின்னாளில் ரோடியா) 1990-களில் இதை மாற்றி, அசிட்டிக் அன்ஹைட்ரைடையும் அனிசோலையும் பீட்டா ஜியோலைட் நிரப்பிய படுகை வழியே விட்டது. டன்னுக்கு நாலரை டன்னாக இருந்த கழிவுநீர் 35 கிலோவுக்கு இறங்கியது. கரைப்பானும் தேவைப்படவில்லை.

அங்கே தொடர் ஓட்டமே வினையூக்கியைக் காப்பாற்றுகிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம். விளைபொருள் அனிசோலைவிட முனைவுத்தன்மை கூடியது. துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு மேலும் வினைபுரிந்து அடைத்துவிடும். பேட்சில் விளைபொருள் சேரச் சேர அடைப்பு கூடும். குழாயிலோ புது அனிசோல் அதிகப்படியாக வந்துகொண்டே இருப்பதால் துளைகளை அது அலசிக்கொண்டே போகிறது. மிஞ்சி அடைத்ததை எரித்து மீட்டுக்கொள்ளலாம். அலுமினியம் குளோரைடிலிருந்து விடுபடுகிறவர்களுக்கு மாற்றத்தின் லாபம் மலையளவு; 1% கந்தக அமிலத்திலிருந்து விடுபடுகிறவருக்கு அது மிதமானது. இரண்டையும் ஒரே "பசுமை வேதியியல்" வார்த்தையில் போட்டுக் குழப்பக் கூடாது.

மற்ற வகைகளை வேகமாகப் பார்த்துவிடலாம். சல்பேட் ஏற்றிய சிர்க்கோனியா அபார வலிமை, ஆனால் நீரும் ஆல்கஹாலும் இருக்கும் இடத்தில் சல்பேட் கரைந்து வெளியேறும், எஸ்டராக்கலுக்கு வேண்டாம். சிலிக்காவில் ஏற்றிய ஹெட்டரோபாலி அமிலங்களுக்கும் அதே குறை. சிலிக்காவில் பரப்பிய நஃபியான் சூடு தாங்கும், அமில இடங்கள் மிகக் குறைவு, விலை எட்டாது. கே-10 களிமண் மலிவு, பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளலாம். கரைந்து வெளியேறுகிறதா என்று அறிய எளிய வழி உண்டு: குழாயிலிருந்து வரும் சரக்கைப் பிடித்து, வினையூக்கியே இல்லாத குடுவையில் அதே சூட்டில் வையுங்கள். அங்கேயும் வினை வேகமாகத் தொடர்ந்தால், நீங்கள் வாங்கியது உண்மையில் திண்ம அமிலம் இல்லை.

அப்படியென்றால் நண்பருக்கு என்ன? ரெசின்தான், ஆனால் நேர் ஓட்டமாக இல்லை. அவருடைய ரியாக்டரும் டிகாண்டரும் நீரை எடுக்கும் வேலையை நன்றாகவே செய்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு, பக்கத்தில் ரெசின் குழாய் ஒன்றை வளையமாக இணைத்தால் போதும். ரியாக்டரின் அடியிலிருந்து பம்ப் இழுத்து, கூலரில் 90 டிகிரிக்குக் குளிர்வித்து, காவல் குழாய், ரெசின் குழாய் வழியே விட்டு, திரும்ப ரியாக்டரிலேயே விட வேண்டும். எஸ்டர் ரெசினில் பிறக்கும், நீர் ரியாக்டரில் பிரியும். பேட்ச் முடிவில் ரியாக்டர் சூடு 130 டிகிரியைத் தாண்டும். கூலர் இல்லாவிட்டால் ரெசின் சீக்கிரமே பாழாகிவிடும். ஆகவே 105 டிகிரியில் பம்பை நிறுத்தும் கட்-ஆஃப் வைப்பது கட்டாயம். பேட்ச் முடிந்ததும் பம்பை நிறுத்தி, குழாயை மூடிவிட்டு, ரியாக்டரில் இருப்பதை முறிக்காமல் நேரே வடிக்கலாம்.

அமெரிக்காவின் ஈஸ்ட்மன் நிறுவனம் மெத்தில் அசிட்டேட்டை வினையும் வடித்தலும் ஒன்றாக நடக்கும் ஒரே கோபுரத்தில் தயாரித்துப் பேர்வாங்கியது. அதன் வினையூக்கி என்ன தெரியுமா? கந்தக அமிலம்தான். எஸ்டர் தொழிலில் நீரைப் பிரிக்கும் ஏற்பாடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. முழுத் தொடர் ஓட்டம் வேண்டுமென்று நண்பர் நினைத்தால், அவர் போக வேண்டிய திசையும் இதுவே: ரெசினைக் கம்பிவலைப் பைகளில் கட்டி வடிகோபுரத்துக்குள்ளேயே அடுக்குவது. அதற்கு விற்பனை நாளுக்குப் பல டன்னைத் தொட வேண்டும். அரை டன்னுக்கு அந்தக் கோபுரம் அதிகம்.

வளையத்துக்கும் முன்னால் ஒரு சின்னச் செலவு செய்யச் சொல்லியிருக்கிறேன். ஒரு அங்குலக் குழாயில் ரெசினை நிரப்பி, அவருடைய சொந்தச் சரக்கை, அதாவது அதே டிரம்மில் வரும் அதே அசிட்டிக் அமிலத்தை, பாதி மாற்றத்தில் இரண்டு வாரம் இரவும் பகலும் ஓட்ட வேண்டும். தினமும் ஒரு முறை, வெளியே வரும் சரக்கில் எவ்வளவு அமிலம் மிச்சம் என்று அளக்கும் அமில மதிப்பு டைட்ரேஷன். முடிவில் ரெசினை எடுத்து உப்பு நீரில் ஊறவைத்து, வெளியேறும் அமிலத்தைக் காஸ்டிக்கால் டைட்ரேட் செய்தால் எத்தனை இடம் மிச்சம் என்று தெரிந்துவிடும். குழாயின் மேல்பகுதி, கீழ்ப்பகுதி இரண்டையும் தனித்தனியாகச் செய்யச் சொல்லியிருக்கிறேன். மேலே மட்டும் குறைந்திருந்தால் இரும்பு. காவல் குழாயின் அளவை அந்த எண்ணிலிருந்தே போட்டுவிடலாம். மேலும் கீழும் ஒன்றுபோலக் குறைந்திருந்தால் சூடு, கூலரைப் பார்க்க வேண்டும். குழாய் கண்ணாடியாக இருக்கட்டும் என்றும் சொன்னேன். அந்தத் துருக்கோடு இறங்குவதை அவருடைய ஆபரேட்டர்கள் கண்ணால் பார்த்துவிட்டால், டிரம்மைத் திறந்து உட்பூச்சைப் பார்க்காமல் யாரும் சரக்கு ஏற்ற மாட்டார்கள்.